மூழ்கடித்தது ஒன்றுமில்லை, அடைத்தது 11 குழாய்

கடற்படையில் இருந்தவன் என்று தெரிந்துவிட்டால் கல்யாண வீடுகளில் யாராவது ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். "எழுபத்தொண்ணு பாகிஸ்தான் சண்டையில நீங்க எந்தக் கப்பல் சார்?" இதுதான் எப்போதும் முதல் கேள்வி. "கரையில் இருந்தேன். விசாகப்பட்டினத்தில், கப்பல் பழுதுபார்க்கும் பிரிவில்" என்பேன். அவர் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் வந்து போகும். பந்தி போட்டுவிட்டார்கள் என்று சாக்குச் சொல்லி எழுந்தவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பீரங்கிச் சத்தம் கேட்க வந்தவரிடம் பாய்லர் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பேசினால் யார் உட்கார்ந்திருப்பார்?

ஆனால் எனக்குச் சொல்ல இருப்பது அந்த உப்பைப் பற்றித்தான். புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாட்டின் கடற்படையில் ஒரு பொறியாளர் என்ன வேலை செய்தார் என்று யாராவது எழுதி வைக்க வேண்டாமா? இன்று கப்பலிலோ, மின் நிலையத்திலோ, தொழிற்சாலையிலோ இரவு ஷிஃப்ட் பார்க்கும் பிள்ளைகளுக்கும் இதில் ஏதாவது தேறலாம்.

நான் பிறந்தது 1945இல், புதுக்கோட்டைப் பக்கம். எங்கள் ஊர்க் கண்மாய்க்குக் காவிரித் தண்ணீர் வந்ததில்லை. நான் காவேரியில் ஏறியது கொச்சியில். காவேரி என்பது பயிற்சிக் கப்பல். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் கட்டி, அப்போதைய ராயல் இந்தியக் கடற்படைக்குக் கொடுத்தது. 1947இல் நாடு பிரிந்தபோது கப்பல்களையும் பிரித்தார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நமக்கு, ஒரு பங்கு பாகிஸ்தானுக்கு. ஸ்லூப் என்ற சிறிய போர்க்கப்பல் வகையில் நமக்கு வந்த நான்கும் சட்லெஜ், ஜம்னா, கிருஷ்ணா, காவேரி என்று ஆறுகளின் பெயர் தாங்கியவை. கப்பலைப் பங்கு போட்டுவிடலாம், பள்ளிக்கூடத்தைப் போட முடியாது. பீரங்கிப் பயிற்சி, ரேடார் பயிற்சி, சிறுவர்களுக்கான பயிற்சி எல்லாம் கராச்சியில் இருந்தன, அங்கேயே போய்விட்டன. நம் ஆட்கள் கொச்சியிலும் விசாகப்பட்டினத்திலும் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. எங்கள் பொறியியல் பள்ளியான சிவாஜி லோனாவாலாவில் இருந்ததால் தப்பித்தது.

சுதந்திரம் வந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் கடற்படைத் தளபதியாக ஆங்கிலேயர்கள்தான் இருந்தார்கள் என்றால் இப்போதைய பிள்ளைகள் நம்புவதில்லை. முதல் இந்தியத் தளபதி ராம் தாஸ் கட்டாரி, 1958இல் பொறுப்பேற்றார். செங்கல்பட்டில் பிறந்தவர். நாங்கள் கேடட்டாக இருந்த காலத்தில் அவர் பெயர் எங்களுக்கு ஒரு தைரியம். நம்ம பக்கத்து ஆள் அந்த நாற்காலி வரை போயிருக்கிறார் என்ற தைரியம்தான், வேறென்ன.

சரி, கப்பல்களுக்கு வருகிறேன். எங்கள் பெரிய கப்பல்கள் எல்லாமே கை மாறி வந்தவை. டெல்லி முன்பு அக்கிலீஸ் என்ற பெயரில் 1939இல் ஜெர்மன் போர்க்கப்பல் ஒன்றோடு மோதியது. மைசூர் முன்பு நைஜீரியா. விமானந்தாங்கி விக்ராந்த், போர் முடிந்ததால் ஹெர்குலிஸ் என்ற பெயரோடு பாதியில் நிறுத்தப்பட்டுக் கிடந்த கப்பல். நாம் 1957இல் வாங்கி, வேலையை முடித்து, 1961இல் சேவைக்குக் கொண்டுவந்தோம். பழைய கப்பல் வாங்குவது சந்தையில் மாடு வாங்குவது மாதிரி. பல்லைப் பிடித்துப் பார்க்கலாம், சுழி பார்க்கலாம். வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பது வீட்டுக்கு ஓட்டிவந்த பிறகுதான் தெரியும்.

இன்னொன்று, அவை குளிர்ந்த கடலை நினைத்து வடிவமைத்தவை. நீராவிக் கப்பலில் பாய்லரிலிருந்து வரும் நீராவி டர்பைனைச் சுழற்றிவிட்டு கண்டென்சருக்குள் போகும். அங்கே நூற்றுக்கணக்கான மெல்லிய குழாய்களுக்குள் கடல்நீர் ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் குளிர்ச்சியில் நீராவி மறுபடி தண்ணீராகிப் பாய்லருக்குத் திரும்பும். வங்கக்கடலின் மேல்தண்ணீர் 28, 29 டிகிரி இருக்கும். அந்த வெந்நீரை வைத்துக்கொண்டு குளிரவைப்பது எப்படி? அதே அளவு எண்ணெயை எரித்தாலும் புத்தகத்தில் போட்ட வேகம் வராது. என்ஜின் அறையில் சாதாரண நாளிலேயே 45 டிகிரிக்கு மேல். உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு வாளியில் வரும், குடித்துக்கொண்டே நிற்க வேண்டும்.

இப்போது என் தப்பு.

1969. மேற்குக் கரையில், பிரிட்டனில் கட்டிய ஒரு ஃப்ரிகேட் வகைப் போர்க்கப்பலில் நான் இளநிலைப் பொறியாளர். கப்பலின் பெயர் வேண்டாம், தப்பு செய்தது நான். மற்றக் கப்பல்களோடு சேர்ந்து ஒரு பெரிய பயிற்சிக்குப் போயிருந்தோம். இரவு 12 முதல் 4 வரை மிடில் வாட்ச், அதாவது நடு இரவுக் காவல் முறை, எனக்கு. ஒவ்வொரு மணிக்கும் கண்டென்சரிலிருந்து வரும் தண்ணீரை ஒரு டெஸ்ட் ட்யூபில் பிடித்து, சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விட வேண்டும். தெளிவாக இருந்தால் நல்ல தண்ணீர். கலங்கினால் எங்கோ ஒரு குழாய் ஓட்டையாகிக் கடல்நீர் உள்ளே வருகிறது என்று அர்த்தம். கண்டென்சருக்குள் வெற்றிடம் இருப்பதால், குண்டூசி அளவு ஓட்டை போதும், கடல் தானாக உள்ளே இழுக்கப்படும்.

ஸ்டோக்கர் பையன், அதாவது பாய்லர் பார்க்கும் இளம் மாலுமி, மூன்று முறையும் 'சரி' என்று எழுதிக் கொண்டுவந்தான். நான் மூன்று முறையும் கையெழுத்துப் போட்டேன். ட்யூபைப் பார்க்கவில்லை. பம்ப் ஒன்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது, அதைக் கவனித்துக்கொண்டிருந்தேன் என்று அப்போது எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். விடியற்காலை ஐந்தரை மணிக்கு எங்கள் சீஃப் ஆர்டிஃபிசர் (இயந்திர வேலை தெரிந்த மூத்த மாலுமி), ரத்னகிரிக்காரர், அவர் வாட்ச் இல்லாத நேரத்தில் சும்மா கீழே வந்தவர், ஒரு ட்யூபைப் பிடித்துச் சொட்டு விட்டார். மோர் மாதிரி வெளுத்துவிட்டது. என்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, அதை முகத்துக்கு முன்னால் நீட்டி, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ராத்திரி ட்யூபை நீங்க பாத்தீங்களா சாப்?"

உப்பு ஏறிய தண்ணீர் பாய்லருக்குள் போனால் குழாய்களின் உள்ளே படியும். படிந்த இடம் சூடாகி வீங்கும், வெடிக்கும். அதற்கு முன்னாலேயே தண்ணீர் நுரைத்து நீராவியோடு சேர்ந்து போய் டர்பைன் தகடுகளில் அறையும். ஒரு பாய்லரை அணைத்தோம். கப்பல் வரிசையை விட்டு விலகி மும்பையை நோக்கி ஊர்ந்தது. மற்ற கப்பல்கள் எங்களைக் கடந்து போனதை மேலே இருந்தவர்கள் பார்த்தார்கள். கீழே இருந்த நான் பார்க்காதது ஒரு புண்ணியம்.

போகும் வழியில் சீஃப் செய்த காரியம் எனக்கு எந்த வகுப்பிலும் சொல்லித் தராதது. தச்சுப் பட்டறையிலிருந்து ஒரு மூட்டை மரத்தூள் கொண்டுவரச் சொன்னார். கண்டென்சருக்குக் கடல்நீர் போகும் வழியில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். ஓட்டை எங்கே இழுக்கிறதோ அங்கே தூளும் போய் அடைத்துக்கொள்ளும். முழுத் தீர்வு கிடையாது, துறைமுகம் வரை தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். கரைக்கு வந்ததும் மெழுகுவர்த்தி வைத்தியம். கடல்நீர்ப் பக்கத்தைக் காலி செய்து கதவைத் திறந்துவிட்டு, நீராவிப் பக்கத்தில் வெற்றிடத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குழாய் வாயிலும் எரியும் மெழுகுவர்த்தியைப் பிடிக்க வேண்டும். ஓட்டையான குழாயின் முன்னால் சுடர் உள்ளே சாயும். அந்த வேலையைச் சீஃப் என்னிடம்தான் கொடுத்தார். மட்டிச் சிப்பியும் சேறும் நாறும் அந்தக் குகைக்குள் குப்புறப் படுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, சுடரைப் பார்த்துக்கொண்டே ஒரு பகலும் பாதி இரவும் போயிற்று. 11 குழாய்களை இரண்டு முனையிலும் முளை அடித்து அடைத்தோம்.

கேப்டன் சத்தம் போடவில்லை. லாக் புக்கைத் திருப்பி என் பக்கம் வைத்து, "மூன்று கையெழுத்தும் உன்னுடையதுதானா?" என்றார். ஆமாம் என்றேன். எழுத்துப்பூர்வமான கண்டிப்பு ஒன்று என் கோப்பில் ஏறியது. அது நியாயம்தான். ஆனால் எனக்குள் தங்கியது வேறு விஷயம். அந்தப் பையன் பொய்க்காரன் இல்லை. இரண்டு நாளாகத் தூக்கமில்லாமல், அந்த வெக்கையில் நின்று, கலங்கலைத் தெளிவு என்று பார்த்திருக்கிறான். அவனை மாற்றிவிட்டிருக்க வேண்டியது நான். அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை என் வாட்சில் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். அளவை வாசிப்பவர் ஒருவர், எழுதுபவர் வேறொருவர். வாசிப்பவர் சத்தமாகச் சொல்ல வேண்டும், எழுதுபவர் திருப்பிச் சொல்லிவிட்டு எழுத வேண்டும். கையெழுத்துப் போடும் நான் நேரில் ஒரு அளவையாவது பார்க்க வேண்டும். சின்னப் பிள்ளை விளையாட்டு என்று கேலி செய்தவர்கள் உண்டு. செய்துவிட்டுப் போகட்டும்.

1971 தொடக்கத்தில் விசாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். அங்கே வேறு ஒரு உலகம். மேற்கில் இங்கிலீஷ் கப்பல்கள், இங்கே சோவியத் நீர்மூழ்கிகளும் பெட்யா வகைச் சிறு போர்க்கப்பல்களும். பழைய பிரிட்டிஷ் கப்பலுக்கு விட்வர்த் என்ற அங்குல அளவு ஸ்பேனர், ரஷ்யக் கப்பலுக்கு மில்லிமீட்டர் ஸ்பேனர். இரண்டுக்கும் தனித்தனிப் பெட்டி. அவசரத்தில் ஒன்றை மற்றொன்றில் போட்டால் நட்டின் முனை மழுங்கிவிடும், அப்புறம் உளி வைத்துத்தான் கழற்ற வேண்டும். ஒரு பெட்டிக்குச் சிவப்புப் பெயிண்ட், ஒரு பெட்டிக்கு வெள்ளை. இது என் யோசனை இல்லை, ஒரு வெல்டரின் யோசனை. கிடைத்த இடத்தில் கிடைத்ததை வாங்கிச் சேர்த்த நாட்டின் கடற்படை எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்டால் அந்த இரண்டு பெட்டிகளைத்தான் காட்டுவேன்.

அந்த ஆண்டு நாங்கள் வாய் ஓயாமல் பேசியது விக்ராந்தின் பாய்லர்களைப் பற்றி. நான் அவற்றைத் தொட்டதில்லை, ஆனால் நீராவி தெரிந்த எவரும் பேசாமல் இருக்க முடியாத விஷயம் அது. 1970 ஜூனில் அதன் பாய்லர்களின் தண்ணீர் டிரம்களில் வெடிப்புகள் கண்டார்கள். வெல்டிங்கால் சரிசெய்ய முடியாதவை. புது டிரம்களை பிரிட்டனிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். அவை வராமலேயே 1971 மார்ச்சில் குறைந்த அழுத்தத்தில் பாய்லர்களைப் பற்றவைத்துச் சோதித்தார்கள். கடைசியில் எடுத்த முடிவு இது: பாய்லர் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 400 பவுண்டைத் தாண்டக்கூடாது, கப்பலைத் தள்ளும் சுழலி முன்னோக்கி நிமிடத்துக்கு 120 சுற்று, பின்னோக்கி 80 சுற்று. அப்படி ஓட்டினால் வேகம் 14 நாட், மணிக்குச் சுமார் 26 கிலோமீட்டர். விமானந்தாங்கிக்கு இது நொண்டி நடை. விமானத்தை உந்தித் தள்ளும் கேட்டபுல்ட்டும் அதே நீராவியில்தான் வேலை செய்கிறது. எதிர்க்காற்று வேண்டுமென்றால் கப்பல் வேகமாக ஓட வேண்டும், அதற்கும் நீராவிதான்.

எங்கள் மெஸ்ஸில் இதைப் பற்றி இரண்டு கட்சி இருந்தது. போகவே கூடாது என்பது ஒன்று, போயே ஆக வேண்டும் என்பது மற்றொன்று. நான் முதல் கட்சி. நான் சொன்னது தப்பு என்று டிசம்பரில் தெரிந்தது. மேலே இருந்தவர்கள் போகலாமா கூடாதா என்று கேட்கவில்லை, எவ்வளவு வரை போகலாம் என்று கேட்டிருக்கிறார்கள். பொறியாளர்களும் ஒரு எண்ணைச் சொல்லி, அதற்குக் கீழே பத்திரம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பொறியாளரின் வாயிலிருந்து வரக்கூடிய மிக உபயோகமான வாக்கியம் அதுதான் என்று இன்று நினைக்கிறேன். முடியாது என்று சொல்பவர் பத்திரமாக இருக்கிறார், முடியும் என்று சொல்பவர் நல்ல பெயர் வாங்குகிறார். 400 பவுண்டு என்று சொல்பவருக்குத்தான் ராத்திரி தூக்கம் வராது.

நவம்பர் 1ஆம் தேதி கிழக்குப் படையணி முறைப்படி உருவானது. கிழக்குக் கட்டளைத் தலைவர் வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன், நாகர்கோவிலில் பிறந்தவர். பழுதுபார்ப்புக்கு வரும் கப்பல்கள் ஒவ்வொன்றும் 30, 40 குறைகள் எழுதிய நீளமான தாளோடு வந்தன. அத்தனையும் செய்ய ஆளும் இல்லை, உதிரிப் பாகமும் இல்லை. சில கேப்டன்கள் கடலுக்குப் போகும் ஆசையில் குறையை மறைப்பார்கள். சில பொறியாளர்கள் புதுப் பாகம் கிடைக்கட்டும் என்று குறையைப் பெரிதாக்குவார்கள். இரண்டு பேரோடும் சண்டை போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் தாளை மூன்றாக மடித்தேன். எது இருந்தால் கப்பல் கிளம்பவே முடியாது? எது இருந்தால் போன கப்பல் திரும்பி வர முடியாமல் போகும்? எது பொங்கலுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்? இரண்டாவது மடிப்புக்குத்தான் எங்கள் ஆட்கள் அதிக நேரம் செலவழித்தார்கள். முதல் மடிப்பைத்தான் கப்பல்காரர்களே விடமாட்டார்களே.

ஒரு கப்பலில் கழற்றி இன்னொன்றில் மாட்டுவதும் நடந்தது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் எங்கே கழற்றியது, எங்கே மாட்டியது, யார் சொன்னது என்று ஒரு நோட்டில் எழுதியே ஆக வேண்டும். இரண்டு வாரம் எழுதாமல் விட்டோம். ஒரே வால்வை மூன்று கப்பல்கள் தங்களுடையது என்று கேட்டு வந்து நின்றன.

நவம்பரில் ஒருநாள் என் மனைவி மார்க்கெட்டிலிருந்து வந்து, "ஏங்க, உங்க பெரிய கப்பல் வருதாமே? கறிகாய் மொத்தமும் அதுக்குத்தான் வாங்குறாங்களாம்" என்றாள். நானும் நம்பிவிட்டேன், விக்ராந்த் விசாகப்பட்டினத்துக்கு வருகிறது என்று. எங்கே கட்டுவார்கள், எங்களுக்கு என்ன வேலை வரும் என்றெல்லாம் மனதுக்குள் கணக்குப் போட்டேன். அது வேண்டுமென்றே கிளப்பிய புரளி என்று போருக்குப் பிறகுதான் தெரிந்தது. விக்ராந்த் அந்தமானில் ஒளிந்திருந்தது. அது இங்கே இருப்பதாகக் காட்ட ராஜ்புத் என்ற பழைய நாசகாரிக் கப்பலை அனுப்பி வானொலியில் ஏகப்பட்ட செய்திகள் அனுப்ப வைத்திருந்தார்கள். மாலுமி ஒருவர் தன் அம்மாவின் உடல்நலம் விசாரிப்பது போன்ற சாதாரணத் தந்தி உட்பட. ஒப்பந்தக்காரர்களிடம் இறைச்சியும் காய்கறியும் ஏராளமாகக் கேட்டதும் அதன் பகுதிதான். நல்லவேளை, எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தால் மனைவியிடம் ஒரு சிரிப்பாவது சிரித்திருப்பேன், அதை அவள் கண்டுபிடித்திருப்பாள்.

அந்தப் பொறியைத் தேடி வந்தது காஸி. பாகிஸ்தானின் நீர்மூழ்கி, அதுவும் கை மாறிய சரக்குத்தான், முன்பு அமெரிக்கக் கடற்படையில் டயப்ளோ. டிசம்பர் 3ஆம் தேதி இரவு பிரதமர் வானொலியில் பேசுவார் என்று சொல்லிவிட்டு நள்ளிரவு வரை காக்க வைத்தார்கள். நள்ளிரவுக்குப் பிறகு ஒரு வெடிச்சத்தம். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. பூகம்பம் என்று தெருவுக்கு ஓடினவர்கள் உண்டு. என் மனம் போனது பாய்லருக்குத்தான். எங்கோ ஒரு பாய்லர் போய்விட்டது, யாரோ ட்யூபைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று நினைத்துச் சட்டையை மாட்டிக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடினேன். காஸி மூழ்கியது ராஜ்புத் போட்ட ஆழ்வெடிகளாலா, அது தானே வைத்த கண்ணிவெடியாலா என்பதில் இன்றுவரை இரண்டு தரப்பும் வேறு வேறு சொல்கின்றன. அதை நான் தீர்த்து வைக்கப் போவதில்லை. மறுநாள் காலையில் விக்ராந்தின் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. நொண்டி பாய்லர்தான், தாங்கியது.

கராச்சி மீது ஏவுகணைப் படகுகள் நடத்திய தாக்குதல்களை எல்லோரும் எழுதிவிட்டார்கள், விட்டுவிடுகிறேன். டிசம்பர் 9ஆம் தேதி இரவு டையூவுக்கு அப்பால் நம் போர்க்கப்பல் குக்ரி மூழ்கியது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். நீர்மூழ்கியின் டார்பிடோ பட்ட கப்பலில் கீழே இருப்பவர்களுக்கு ஏணி எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். அதற்கு மேல் இதை எழுத வரவில்லை.

மறுநாள் நடந்த ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் அது அதிகம் பேசப்படுவதில்லை. வங்கதேசத்தை இந்தியா அங்கீகரித்தது டிசம்பர் 6. அந்த நாட்டுக்குக் கடற்படை என்று இருந்தது பத்மா, பலாஷ் என்ற இரண்டு சிறிய படகுகள். கல்கத்தா துறைமுகத்தின் படகுகள்தான், மேலே 40 மில்லிமீட்டர் போஃபர்ஸ் பீரங்கிகள் பொருத்தியிருந்தார்கள். அதற்கு முன் ஆகஸ்ட் நடுவில் அந்த நாட்டு இளைஞர்கள் பாகீரதி ஆற்றில் நீச்சல் பழகி, மார்பில் காந்தக் கண்ணிவெடியைக் கட்டிக்கொண்டு நீந்திப் போய் சிட்டகாங், மோங்லா துறைமுகங்களில் கப்பல்களை வெடிக்க வைத்திருந்தார்கள். கப்பலே இல்லாத கடற்படை அது.

டிசம்பர் 10 அன்று அந்த இரண்டு படகுகளும் நம் கடற்படையின் பன்வேல் என்ற படகோடு குல்னாவை நெருங்கிக்கொண்டிருந்தன. நம் விமானங்களே அவற்றை எதிரி என்று நினைத்துக் குண்டு போட்டன. அடையாளத்துக்காகப் படகுகளின் மேல்பகுதியில் மஞ்சள் பூசியிருந்தார்கள். பூசியவர்களுக்குத் தெரியும், படகில் இருந்தவர்களுக்குத் தெரியும். மேலே பறந்தவர்களின் கண்ணுக்கு அது எட்டவில்லை. பலாஷின் என்ஜின் அறையில் இருந்தவர் ஆர்டிஃபிசர் முகமது ரூஹுல் அமீன். படகை விட்டுக் குதிக்கச் சொல்லி உத்தரவு வந்த பிறகும் என்ஜினை விட்டு வர மறுத்தார். காயத்தோடு கடைசியில் கரை சேர்ந்தவரை ரஜாக்கர்கள், அதாவது பாகிஸ்தான் ராணுவத்தின் பக்கம் நின்ற உள்ளூர்ப் படையினர், கொன்றார்கள். அந்த நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான பீர் ஸ்ரேஷ்டோ பெற்ற ஏழு பேரில் அவர் ஒருவர். என் தொழில்காரர். அதன் பிறகு எந்த அடையாளத்தையும், சுவிட்ச் பலகையில் ஒட்டும் சிவப்புத் துண்டு உட்பட, அதைப் பார்க்க வேண்டிய ஆளைக் கூப்பிட்டு நிற்கவைத்து, "என்ன தெரியுது?" என்று கேட்காமல் நான் விட்டதில்லை.

1972 ஜனவரியில் சிறு குழு ஒன்றோடு என்னைச் சிட்டகாங்குக்கு அனுப்பினார்கள். துறைமுகத்தின் வாசலில் பாகிஸ்தான் போட்டுவிட்டுப் போன கண்ணிவெடிகள். கர்ணபுலி ஆற்றில் மூழ்கிய கப்பல்களின் பாய்மரக் கம்பங்களும் புகைப்போக்கிகளும் நீட்டிக்கொண்டிருந்தன. கண்ணிவெடி அகற்றும் நம் கப்பல்கள் ஒரு பாதையைத் திறந்தன. முழுவதும் சுத்தம் செய்யப் பின்னால் சோவியத் கடற்படை வந்தது, அவர்களுக்கே 1974 வரை பிடித்தது. அரிசி வர வேண்டும், எண்ணெய் வர வேண்டும். அந்த நாட்டின் முதல் பாதுகாப்புப் பிரச்சினை துறைமுகத்துக்குள் ஒரு கப்பலைக் கொண்டுவருவதுதான். அதற்கு இழுவைப் படகும் ரோந்துப் படகும் வேண்டும். இருந்தவை சேறு குடித்துக் கிடந்தன.

எங்களுக்குக் கிடைத்தது டீசல் என்ஜின் கொண்ட ஒரு துறைமுகப் படகு. எங்களோடு வேலை செய்ய வந்தவர்களில் மூத்தவர் பாகிஸ்தான் கடற்படையில் என்ஜின் அறையில் இருந்துவிட்டுப் பிரிந்து வந்தவர். என்னைவிடப் பத்து வயது பெரியவர், என்ஜினை என்னைவிட நன்றாக அறிந்தவர். முதல் இரண்டு நாள் நான் உத்தரவு போடுவது மாதிரி பேசிக்கொண்டிருந்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் நான் போன பிறகு சரியான முறையில் செய்துகொண்டிருந்தார். மூன்றாம் நாள் அது புரிந்தது. அதற்குப் பிறகு நான் உதிரிப் பாகம் தேடி அலையும் ஆளாகவும் அவர் வேலை சொல்லும் ஆளாகவும் மாறிக்கொண்டோம். வேலை ஓடியது. உதவிக்குப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் சீக்கிரமே கண்டுபிடித்தால் இரண்டு நாள் மிச்சம்.

எரிபொருள் வடிகட்டியில் வண்டல், குளிர்நீர்ப் பாதையில் வண்டல், தொட்ட இடமெல்லாம் வண்டல். பன்னிரண்டாம் நாள் மாலையில் என்ஜின் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. கரையில் நின்றவர்கள் கத்தினார்கள். பெரியவர் கத்தவில்லை. ஒரு லாக் புக்கை எடுத்துவந்தார், பழைய அரசின் தலைப்பு அச்சிட்டது. தலைப்பைப் பேனாவால் அடித்துவிட்டு மேலே பாங்ளாவில் தன் நாட்டின் பெயரை எழுதினார். கீழே நேரம், எண்ணெய் அழுத்தம், தண்ணீர் வெப்பம் எல்லாம் பாங்ளா எண்களில். என் பக்கம் திருப்பிக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

எனக்கு அந்த எண்களை வாசிக்கத் தெரியாது. கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கி, கேஜின் முன்னால் போய் நின்றேன். சத்தமாக வாசிக்கச் சொன்னேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். கோபமோ என்று நினைத்தேன். பிறகு ஏணிமேல் உட்கார்ந்து, என்ஜின் சத்தத்துக்கு மேலே, "எண்ணெய் அழுத்தம், பியாலிஷ்" என்றார்.

முள் 42இல் நின்றது. நானும் திருப்பிச் சொன்னேன், பியாலிஷ். மேலே ஏறிப்போய்க் கையெழுத்துப் போட்டேன்.